மிளகின் கூலி

— ‘பேஷ்’னா என்ன மாஸ்டர்?

— பேஷ்னா பேஷ்தான் டாக்டரம்மா. நல்லா கெட்டியா, உருண்டையா, அள்ளினா தரையில ஒட்டாம...

— போதும் போதும். காலையில சாப்பிட்டது இன்னும் தொண்டையிலதான் நிக்குது. ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் நம்பர் போடுங்கன்னுதானே இந்த நோட்டைக் குடுத்தேன்? நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க? ‘பேஷ்’, ‘சுமார்’, ‘கூழ்’. இது என்ன... ‘ஐயோ’வா?

— அது இருபத்திமூணாந்தேதி. அன்னிக்கு வந்தது நம்பருக்குள்ள அடங்கல டாக்டரம்மா.

— சரி, அடுத்தது. பதினோரு மணிக்கு உங்க மோப்ப நாய்ப் பிரிவு இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் வாங்க வர்றாரு. இப்ப பத்து அஞ்சு. அதுக்குள்ள எனக்கு ஒரு காரணம் கிடைச்சாகணும். இந்த நாய்க்கு வயித்துப்போக்கு ஏன் நிக்க மாட்டேங்குதுங்கறதுக்கு ஒரே ஒரு காரணம்.

— நாய்னு சொல்லாதீங்க. பாருங்க, மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. மிளகுன்னு சொல்லுங்க.

— மிளகு. மன்னிச்சுக்கம்மா மிளகு. போதுமா?

— காரணம் கிடைக்கலேன்னா என்ன ஆகும் டாக்டரம்மா?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. ‘வேலைக்குத் தகுதி இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். வயிறு நல்லா இருக்கற நாயா இருந்தா யாராவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. வாரம் ஒரு தடவை கூடம் பூரா கழிஞ்சு வைக்கற நாயை யாரு எடுப்பா?

— நான் எடுப்பேன்.

— உங்க குடியிருப்புல நாய் வளர்க்கக் கூடாதுன்னு போர்டே தொங்குது. அதுக்குக் கீழேதான் உங்க சைக்கிளை நிறுத்தறீங்க.

— அப்போ ஊசி.

— ஊசிதான். அதையும் நான்தான் போடணும். எனக்கு மட்டும் கை வருமா? அதனால அப்படி உட்காருங்க. கேக்கறதுக்கெல்லாம் ஒளிக்காம பதில் சொல்லுங்க. சாப்பாட்டிலேர்ந்து ஆரம்பிப்போம்.

— மீன், உருளைக்கிழங்கு. ரெண்டே ரெண்டுதான். நீங்க சொன்ன அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும், ஆறு வாரமா, சத்தியமா மூணாவதா ஒரு சாமான் உள்ள போகல.

— உப்பு?

— கிடையாது.

— எண்ணெய்?

— சட்டியைக்கூடத் தனியா வாங்கிட்டேன். அதுல வேற யாரும் எதுவும் சமைக்கக் கூடாதுன்னு கைப்பிடியில சிவப்புத் துணி கட்டி வச்சிருக்கேன். வீட்டுக்காரி கேக்கறா, ‘பதினேழு வருஷத்துல எனக்கு ஒரு நாளாவது மீன்ல முள் எடுத்துக் குடுத்திருக்கீங்களா’ன்னு.

— நியாயமான கேள்வி. என்ன சொன்னீங்க?

— ‘நீ மோப்பம் பிடிச்சு ஒரு பொட்டலம் காட்டு, எடுத்துத் தர்றேன்’னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி எனக்கும் மீனும் உருளைக்கிழங்கும்தான், உப்பில்லாம.

— வேணும் உங்களுக்கு. சரி, அடுத்தது. அளவு?

— தராசுல நிறுத்துதான். ஒரே வேளையா வயித்தைத் திணிக்காம நாலு வேளையாப் பிரிச்சு வைக்கறேன். ஒவ்வொரு வேளையும் நோட்டுல இருக்கு பாருங்க.

— இருக்கு. இவ்வளவு சுத்தமா எழுதற ஆளை நான் பார்த்ததில்ல. அதனாலதான் எனக்குத் தலை சுத்துது. முதல் மூணு வாரம் பாருங்க. பேஷ், பேஷ், சுமார், பேஷ். எடை ஏறியிருக்கு. துருத்திக்கிட்டு இருந்த முதுகெலும்பு உள்ள போயிருக்கு. கோழியும் பாலும் முட்டையும் நிறுத்தினதும் குடல் ஆறிடுச்சு. ‘கண்டுபிடிச்சாச்சு’ன்னு என் பேனாவுல மூடியை மாட்டிட்டேன். ஒண்ணாந்தேதி மறுபடி வேலைக்கு அனுப்பினோம். அஞ்சாந்தேதி கூழ். பத்தாந்தேதி கூழ். பதினஞ்சாந்தேதி கூழ், கூடவே வாந்தி. இருபத்திமூணு, உங்க ‘ஐயோ’.

— அதைத்தான் மேலிடத்துலயும் சொல்றாங்க. வேலைக்குப் போனா வயிறு கலங்குது, அதனால வேலைக்கு லாயக்கில்லன்னு.

— கேக்கறவங்களுக்கு அது நியாயமாத்தான் படும். ஆனா என் மனசு ஒத்துக்கல. பயத்துல கலங்கற நாய் வேலைக்குக் கிளம்பறப்பவே கலங்கும். இது அப்படி இல்லியே? பையும் பெட்டியும் பார்த்தா வாலாட்டிக்கிட்டு ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— ஓடுதா? என்னை இழுத்துக்கிட்டு ஓடும். படகு ஏற வர்ற ஜனங்க, நான்தான் திருடன், அது என்னைப் பிடிச்சிட்டுப் போகுதுன்னு நினைச்சுக்குவாங்க.

— அப்போ வேலை செய்யற இடத்துலதான் என்னமோ வாயில போகுது. பயணிங்க ஏதாவது போடறாங்களா?

— வேலையில இருக்கறப்ப மிளகு கீழ கிடக்கறதைத் தொடாது. லட்டு உருண்டு வந்தாலும் தாண்டிப் போகும். நான் தொட்டிருக்கேன், அது தொட்டதில்ல.

— தண்ணி?

— வீட்டிலேர்ந்து காய்ச்சி எடுத்துக்கிட்டுப் போறேன்.

— கேன்டீன் பக்கம்? அங்க இருக்கற அக்காவுக்கு மிளகு மேல உசிருன்னு கேள்விப்பட்டேன்.

— முன்னாடி மிச்சம் மீதி போடுவாங்க. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், நிறுத்திட்டாங்க. இப்ப... அவங்க எங்க ரெண்டு பேர் பக்கமே வர்றதில்ல.

— ஏன்?

— சும்மாதான். ஒரு மனஸ்தாபம். அதுக்கும் வயித்துக்கும் சம்பந்தம் இல்ல டாக்டரம்மா.

— சரி, அடுத்தது. பூச்சி மாத்திரை? சில மாத்திரையில கறி வாசனை ஏத்தி வச்சிருப்பாங்க.

— வாசனை இல்லாததா நீங்களே எடுத்துக் குடுத்தீங்களே.

— குடுத்தேன். கடிக்கற எலும்பு, தோல் குச்சி?

— தூக்கிப் போட்டாச்சு.

— அப்போ காத்தைக் குடிச்சா வயிறு கெட்டுப் போச்சு? மாஸ்டர், மணி பத்தே கால். எனக்கு வெறுப்பு வருது. இந்த மிளகு வேற, வந்ததிலேர்ந்து உங்க இடுப்பையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. என்னவாம் அதுக்கு?

— அது பழக்கம். நீங்க மேல சொல்லுங்க.

— என்ன பழக்கம்? அந்த இடுப்புப் பையில என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. கூலி.

— கூலியா?

— நம்ம மிளகுப் பொண்ணோட கூலி. நிஜமா கடத்தல் சரக்கைப் பிடிச்சா ஒரு துண்டு. கட்டைவிரல் நகம் அளவுதான்.

— திறங்க.

— இப்ப திறந்தா அது வேலைன்னு நினைச்சுக்கும்...

— மாஸ்டர். திறங்க.

— இந்தாங்க.

— என்ன இது?

— கோழி ஈரல். நானே சுட்டுக் காய வச்சது. கடையில வாங்கினது கிடையாது, ரொம்பச் சுத்தம்...

— கோழி ஈரல்.

— ஆமா.

— ஆறு வாரமா இந்த உலகத்துலயே கோழின்னு ஒரு பறவை இல்லன்னு நினைச்சுக்கங்கன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. சாப்பாட்டுலதானே சொன்னீங்க? இது சாப்பாடு இல்லியே டாக்டரம்மா, கூலியில்ல?

— ஐயோ கடவுளே!

— சத்தியமா மறைக்கணும்னு இல்ல. எங்க பிரிவுல இதைத் தீனின்னு யாரும் சொல்ல மாட்டோம். சாப்பாடு நாய்க்கூண்டு வராண்டாவுல, தட்டுல போடறது. கூலி வேலை இடத்துல, கையில குடுக்கறது. எனக்குச் சொல்லிக் குடுத்தவர் முதல் நாளே அதைத்தான் சொன்னாரு. ‘வயித்துக்குப் போடறதும் மூக்குக்குக் குடுக்கறதும் ஒண்ணுன்னு நினைக்கற ஆளு இந்த வேலைக்கு வராதே’ன்னாரு. நீங்க ‘வேற என்ன சாப்பிடுது’ன்னு கேட்டீங்க. நான் தட்டை நினைச்சுக்கிட்டேன்.

— வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது மாஸ்டர்.

— இப்ப தெரியுது. நானேவா? முள்ளு முள்ளா எடுத்து ஊட்டிட்டு, இந்தக் கையாலேயே...

— அழுதீங்கன்னா நோட்டு நனையும். கண்ணைத் துடைங்க. இது கெட்ட சேதி இல்ல, இந்த வருஷத்துலயே நல்ல சேதி. காரணம் கிடைச்சிடுச்சு. கொஞ்சூண்டு கோழி போனாலே அந்தக் குடல் சண்டை போடுது. கோழியே இல்லாட்டி ராஜாத்தி மாதிரி இருக்கும். இன்னும் ஆறேழு வருஷம் வேலை பார்க்கலாம். சாப்பாட்டை மட்டும் ஆயுசு பூரா கவனிச்சுக்கணும், அவ்வளவுதான்.

— நிஜமாவா?

— நிரூபிக்கணும். பயிற்சியிலயும் ஈரல்தானா?

— பயிற்சிக்குப் பந்து. நிஜமாப் பிடிச்சா மட்டும்தான் ஈரல். சரக்கு இருக்கற இடத்துல மிளகு உட்காரும். குரைக்காது, பிராண்டாது, கம்முனு உட்காரும். உட்கார்ந்த மூணு எண்ணிக்கைக்குள்ள வாயில துண்டு போகணும். தாமதமானா, ‘நான் சரியாச் சொன்னேனா, தப்பாச் சொன்னேனா’ன்னு அதுக்குக் குழப்பம் வந்துடும். எல்லா வேலையிலயும் சமாளிக்கலாம், இதுல முடியாது.

— இனிமே அந்த மீனையே காய வச்சுக் குடுங்க.

— மீனா? படகுத்துறையில திரும்பின பக்கமெல்லாம் மீன் வாசனைதான் டாக்டரம்மா. தெருவெல்லாம் இறைஞ்சு கிடக்கறதைக் கூலின்னு குடுத்தா எந்தப் பொண்ணு வேலை பார்க்கும்?

— அப்போ உருளைக்கிழங்கு.

— நீங்க ஒரு மாசம் சம்பளத்துக்குப் பதிலா உருளைக்கிழங்கு வாங்கிக்குவீங்களா?

— சரி, நிஜத்துக்கும் பந்தே குடுங்க. அதை அப்புறம் சண்டை போட்டுக்கலாம். முதல்ல ரிப்போர்ட். இந்த மாசம் மிளகு என்னென்னிக்குச் சரக்குப் பிடிச்சுது? தேதி சொல்லுங்க.

— நாலாந்தேதி. பஞ்சு மூட்டைக்குள்ள இருந்தது.

— அஞ்சாந்தேதி கூழ். அடுத்தது.

— ஒம்போது. ஒரு ஆளோட ஷூ, அடிப்பாகத்துல.

— பத்தாந்தேதி கூழ். அற்புதம். அடுத்தது?

— இருபத்திரெண்டு. அன்னிக்கு மூணு பெட்டி வரிசையா. அதனால மூணு துண்டு.

— அதான் ‘ஐயோ’. மாஸ்டர், இதைவிடத் தெளிவா ஒரு நோயாளி என்கிட்ட பேசினது கிடையாது. முந்தின நாள் ஈரல், மறுநாள் வயிறு. வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்ல. ஈரலே விழாத நாள்ல ஒரு தடவைகூட... இருங்க. பதினாலாந்தேதியைச் சொல்லலியே?

— பதினாலாந்தேதி ஒண்ணும் இல்ல.

— பதினஞ்சாந்தேதி கூழும் வாந்தியும் இருக்கே.

— அது... வெயில் ஜாஸ்தி அன்னிக்கு.

— மாஸ்டர்.

— ஆபீஸ் பதிவேட்டைப் பார்த்துக்கங்க. பதினாலாந்தேதி ‘ஒன்றும் இல்லை’ன்னுதான் இருக்கும்.

— பதிவேட்டை விடுங்க. அந்தக் குடலுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எழுதத் தெரியுது. பதினாலாந்தேதி மிளகு ஈரல் தின்னிருக்கு. நீங்க சும்மா குடுக்கற ஆளில்ல. அப்போ மிளகு எங்கேயோ உட்கார்ந்திருக்கு. என்கிட்ட எதையோ மென்னு முழுங்கறீங்க.

— கதவைச் சாத்தலாமா டாக்டரம்மா?

— சாத்துங்க.

— அன்னிக்கு ஊழியர் ஓய்வறையைச் சுத்திட்டு வரச் சொன்னாங்க. மாசம் ஒரு தடவை அங்கயும் போவோம். சுவரோரமா கொக்கி வரிசை. எல்லாரும் பையை மாட்டிட்டு வேலைக்குப் போவாங்க. மிளகு ஒவ்வொண்ணா மோந்துக்கிட்டே வந்துச்சு. அஞ்சாவது கொக்கிகிட்ட உட்கார்ந்துச்சு.

— யாரோட பை?

— பச்சைத் துணிப் பை. கேன்டீன் அக்காவோடது.

— அட!

— அவங்க மகன் ரெண்டு வருஷமாப் படுத்த படுக்கை. மாடியிலேர்ந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல. வலி மாத்திரை வாங்கவே அந்த அம்மா மூணு இடத்துல பாத்திரம் தேய்க்குது. எனக்கு ஒரு நொடியில மனசுல எல்லாம் ஓடிடுச்சு. யாரோ அவங்க கையில பொட்டலத்தைக் குடுத்து, ‘அந்தப் பக்கம் சேர்த்துடு, மருந்துச் செலவை நான் பார்த்துக்கறேன்’னு சொல்லியிருப்பான்னு.

— பையைத் திறந்து பார்த்தீங்களா?

— இல்ல. திறந்தா பார்க்கணும். பார்த்தா எழுதணும். எழுதினா அந்தப் பையனுக்கு யாரு தண்ணி குடுப்பா? திறக்கல.

— ஆனா ஈரல் குடுத்தீங்க.

— மிளகு சரியாத்தானே சொல்லுச்சு? என்னை அண்ணாந்து பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஆபீஸை ஏமாத்தலாம்னு துணிஞ்சுட்டேன் டாக்டரம்மா. அந்தக் கண்ணை ஏமாத்த முடியல. துண்டைக் குடுத்தேன், பட்டையைப் பிடிச்சு எழுப்பினேன், வந்துட்டேன்.

— அக்காகிட்ட பேசினீங்களா?

— அன்னிக்குச் சாயங்காலம் தனியாக் கூப்பிட்டு, ‘அக்கா, பையில என்ன இருந்தாலும் கொண்டு போய் கடல்ல போட்டுடுங்க, நான் எதையும் பார்க்கல’ன்னேன். அதுக்கு அவங்க, ‘நீயாடா என்னை இப்படிக் கேக்கறே’ன்னாங்க. அன்னியோட சரி. எனக்கு டீகூட வேற ஆள் கையிலதான் குடுத்து விடறாங்க.

— ஒருவேளை அவங்க பையில ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா?

— மிளகு தப்பு பண்ணாது. அதான் என்னை அரிக்குது. மிளகு சொன்னா இருக்கும். அவங்க கோபத்தைப் பார்த்தா இருக்காது. நான் யாரை நம்பறது?

— பத்து நாப்பது ஆச்சு.

— நீங்க எழுதிடுவீங்களா?

— எழுதினா உங்க உடுப்பைக் கழட்டிடுவாங்க. அந்த அம்மாவை ஜீப்புல ஏத்துவாங்க. என் வேலை வயித்தைப் பார்க்கறது மாஸ்டர், பையைப் பார்க்கறது இல்ல. நோட்டுல எதையும் கிழிக்க மாட்டேன், அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. ஆனா ரிப்போர்ட்டுக்கு மூணு தேதி போதும். நாலு, ஒம்போது, இருபத்திரெண்டு. மிளகைக் காப்பாத்த அதுவே தாராளம். பதினஞ்சாந்தேதியைப் பத்தி அவங்களாக் கேட்டா ஒழிய நான் வாயைத் திறக்கறதா இல்ல.

— டாக்டரம்மா, உங்களுக்கு எப்படி நான்...

— கும்பிடாதீங்க, எனக்குப் பிடிக்காது. கோழியை வாழ்க்கையிலேர்ந்து தூக்கிப் போடுங்க, அது போதும். கதவைத் தட்டறாங்க. மூஞ்சியைத் துடைங்க. வாங்க இன்ஸ்பெக்டர், கால் மணி முன்னாடியே வந்துட்டீங்க.

— சுருக்கமா முடிச்சிடலாம்னுதான் மேடம். யோவ் மாஸ்டர், நீ இங்கேயே இருக்கியா? இரு, இரு. எழுந்திருக்காதே. ரிப்போர்ட் ரெடியா?

— ரெடி. இந்தாங்க. நோய்க்குக் காரணம் கோழிக்கறி. பரிசாக் குடுக்கற ஈரல் துண்டு. நிறுத்திட்டா குணம். மீனும் உருளைக்கிழங்குமா ஆறு வாரம் நடத்தினதுல உடம்பு தேறியிருக்கு. வேலைக்கு முழுத் தகுதி.

— ஈரலா? அந்தப் பொடித் துண்டா? யோவ், உன் ஒருத்தனைத்தான் நம்பினேன், நீயே இப்படி!

— தெரியாம நடந்து போச்சு ஐயா. இனிமே பந்துதான்.

— சந்தோஷம் மேடம். நிஜமாவே சந்தோஷம். இந்தப் பொண்ணு குட்டியா வந்தப்ப என் தொப்பியைக் கடிச்சுது, இன்னும் அந்த ஓட்டையோடதான் போட்டுக்கறேன். வயிறு சரியாயிடும்னு நீங்க எழுதிக் குடுத்தது நல்லது. ஆனா மிளகை வேலையிலேர்ந்து எடுக்கற உத்தரவு மாறாது.

— ஏன் மாறாது? வயிறுதானே பிரச்சினை?

— வயிறு ரெண்டாவது. வயித்துக்கு மட்டும்னா நானே மேல பேசி லீவு வாங்கியிருப்பேன். மூக்கு போயிடுச்சு மேடம். இவன் மனசு உடைஞ்சிடும்னுதான் இத்தனை நாள் வெளிய சொல்லல.

— மூக்கா? ஐயா, மிளகுக்கா?

— கேளு மாஸ்டர், கோபப்படாதே. மேலிடத்துல ஒரு சோதனை வைக்கச் சொன்னாங்க. வழக்கமா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் வைப்போம். சொல்லிட்டு வச்சா அது என்ன சோதனைன்னு இந்தத் தடவை உன்கிட்ட சொல்லாம என்னையே வைக்கச் சொன்னாங்க. என் கையால வச்சேன். நிஜ சரக்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சு நானே போய் எடுத்தேன். வச்ச இடத்துல வச்ச மாதிரி இருந்தது. உன் பதிவேட்டுல ‘ஒன்றும் இல்லை’. மூக்குக்கு நேரா இருந்ததை மிளகு கோட்டை விட்டுடுச்சுய்யா. மோப்பம் போன நாயை நம்பி ஒரு படகுத்துறையை எப்படி விடறது, நீயே சொல்லு.

— எங்க வச்சீங்க ஐயா?

— இப்ப அதெல்லாம் எதுக்கு?

— சொல்லுங்க ஐயா. எங்க வச்சீங்க?

— ஓய்வறையில. கொக்கி மாட்டியிருக்கற பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு பாரு, அதுல. கேன்டீன் அம்மாவோட பச்சைப் பைக்குப் பின்னாடி.

— அவங்க பைக்குள்ள இல்லியா?

— பைக்குள்ள எதுக்குய்யா வைக்கறேன்? பாவம், அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. பதினாலாந்தேதி. என்ன மேடம், நீங்க ஏன் நோட்டை மூடறீங்க?

— மூடல இன்ஸ்பெக்டர். மாஸ்டர், என்னைப் பாருங்க. இந்த மூணு தேதி வயித்தைத்தான் காப்பாத்தும். மூக்கைக் காப்பாத்தறதுக்கு இதுல ஒரு பக்கம்தான் இருக்கு. அதை நான் காட்டறதா, இல்ல நீங்களே சொல்றீங்களா?

— என்ன சொல்லணும்? என்னய்யா ரெண்டு பேரும்? எனக்கு ஒண்ணும் புரியல. சுருக்கமாச் சொல்லு.

— பொண்ணு அன்னிக்கு உட்கார்ந்துச்சு, ஐயா. எழுப்பிக் கூட்டிட்டு வந்தது நான்.